சின்னதுரைக்கு ஆகாதவை

சிவமயம்
கோண்டாவில்
18.01.2024

அன்பு மச்சாள் நாகலெட்சுமிக்கு,

தயானி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்து இருந்து பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை, மற்றப்படி எனக்குக் குறையில்லை. வாதம் வந்து படுத்திருக்கும் என் அண்ணன் தம்பிஐயா, நன்றாக இருக்கிற கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை. உன் முழங்கால் நோவு எப்படி? பொகவந்தலாவைப் பனியில் வெறுங்காலோடு வாசலில் நிற்காதே.

அன்றைக்கு விடியற்புறம் கூண்டை உன் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போய் பஸ் ஏறினேன். "அண்ணி, இது என்னத்தத் திங்கும்? அதயாவது சொல்லிட்டுப் போங்க!" என்று நீ லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தியது கேட்டது. இப்போதுதான் ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

சின்னதுரை கொக்கட்டீல் சாதி. கிளிக்குச் சொந்தம்தான், ஆனால் கிளியைப் போல எதையும் தின்று சமாளிக்காது. தினை, சாமை, குரக்கன் கலந்து காலையில் வை. கரட் துருவல், கழுவிய கீரை கொடுக்கலாம். பச்சைமிளகாய் விதை என்றால் அதற்கு உயிர். உறைப்பு அதற்குத் தெரியாது. இடைக்கிடை அவித்த முட்டை. உப்பு, எண்ணெய், சொக்லட், ஆப்பிள் விதை ஒன்றும் ஆகாது. பட்டர் புரூட் பழம் நஞ்சு. உங்கள் லயத்துக்குப் பின்னால் அந்த மரம் நிற்கிறது, கவனம்.

அது உட்கார கொய்யாக் கம்பு வை. தேயிலைக் கம்பு வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். தீனிக் கிண்ணம் எவர்சில்வரில் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பி, தகரம் எதுவும் அதன் சொண்டுக்கு எட்டக்கூடாது. சுரண்டித் தின்றால் அந்த நஞ்சு உடம்பில் சேர்ந்துவிடும். அடுப்புப் புகை, நுளம்புக்குக் கொளுத்துகிற சுருள், சாம்பிராணி இவையும் அதன் நெஞ்சுக்கு ஆகாது.

ஏன் கையோடு கொண்டுபோகவில்லை என்று நீ கேட்பாய். அண்ணன் மனைவி மதுரா ஒட்டாத சட்டியில்தான் எல்லாம் பொரிக்கிறா. அந்தச் சட்டி அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் கிளம்புகிற ஆவி மனிதருக்குத் தெரியாது, பறவை நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். அதுதான் காரணம்.

எனக்குப் போன் எடுக்காதே. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். கடிதமாகவே எழுது.

உன் சுகத்துக்கு நல்லூரானை வேண்டும்,
தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
06.02.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம். உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் கோடாலித் தைலம் பூசுங்கள். உங்கள் அண்ணனுக்காக மாரியம்மனுக்கு விளக்கு வைத்தேன்.

நீங்கள் அனுப்பியது கடிதமா, சோதனைப் பேப்பரா? ரிட்டயர் ஆகியும் டீச்சர் வேலையை விடமாட்டீர்கள். ஊரே போனைக் காதில் ஒட்டிக்கொண்டு திரிகிறது, நம் இரண்டு பேருக்காகத் தபால்காரர் மலையேறி வருகிறார். "என்னக்கா, கோர்ட்டுக் கேசா?" என்று கேட்கிறார்.

ஆனாலும் நீங்கள் எழுதியபடி ஒன்று விடாமல் செய்கிறேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டேன். சாமி கோபித்தால் உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன். தினை தேடி பஜாருக்குப் போனேன். முஹம்மது நானா கடையில் மூட்டையைப் பிரித்து, கல் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துத் தந்தார். "ஒங்க அண்ணன் கஜேந்திரன் வளர்த்த குருவிக்கா? அப்ப நல்லதாத்தான் குடுக்கணும்" என்றார்.

முப்பது வருசம் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளுக்குப் பால் கரைத்து, சோறு ஊட்டி, தூங்கவைத்த கை இது. பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான தோட்டத்துச் சின்னதுரை பார்வையிட வருகிறார் என்றால் அந்தக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இன்றைக்கு ஒரு சின்னதுரை என் கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, கொண்டையைத் தூக்கி என்னை அதிகாரம் பண்ணுகிறார். அண்ணன் தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கவேண்டும். முந்தாநாள் அந்திக்கு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அண்ணன் விசில். வேலை முடிந்து கொழுந்து லொறியை ரோட்டின் மேல்முடக்கில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு இறங்கும்போது அடிப்பாரே, அதே விசில். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் மேலே தூக்கி. சுளகு கையைவிட்டு விழுந்து அரிசியெல்லாம் சிதறிவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய் ரோட்டைப் பார்த்தேன். பிறகுதான் கூண்டைப் பார்த்தேன்.

நான் அழுதேன் அண்ணி, ஆனால் சந்தோசத்தில். அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று மாசத்துக்குப் பிறகு அவர் சத்தத்தைக் கேட்டேன். இது விசிலடிக்கும் என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை? ஒரு தடவை போன் எடுங்களேன், பக்கத்தில் வைத்துக் கேட்கவைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
நாகலெட்சுமி


சிவமயம்
கோண்டாவில்
24.02.2024

அன்பு மச்சாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அண்ணன் இன்று படுக்கையை விட்டு எழும்பிக் கதிரையில் கொஞ்சநேரம் இருந்தார். உன்னையும் மாரியம்மன் கைவிடமாட்டா.

முஹம்மது நானாவிடம் தினையைக் கதிரோடு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கொத்தித் தின்ன அதற்குப் பொழுது போகும். கூண்டுக் கதவின் கொக்கி தேய்ந்திருந்தது. பளபளக்கிற புதுக் கம்பியால் யாரும் கட்டிவிட்டார்களா என்று பார். கட்டியிருந்தால் உடனே கழற்று. தண்ணீர் தினமும் மாற்று.

இங்கே போனுக்கு சிக்னல் சரியில்லை.

என்றும் உன் நலம் நினைக்கும்,
தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
15.03.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

இங்கே மழையில்லை, கொழுந்தில்லை, எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. நீங்களும் உங்கள் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கோண்டாவிலில் சிக்னல் இல்லையாமா! இந்த மலைக்கே ஏறி வருகிற சிக்னல் யாழ்ப்பாணத்துக்கு வராதாமா? சரி, உங்கள் இஷ்டம். என் மகன் கொக்கியைப் புதுக் கம்பியால்தான் கட்டியிருந்தான். கழற்றிவிட்டு நூலால் கட்டினேன்.

சிரிப்பது அவ்வளவுதான். சின்னதுரை சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் கொஞ்சம் கொறிக்கிறது, அந்திக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் பொழுது சாய்கிற நேரம் அண்ணன் விசிலை அடித்துவிட்டு, கூண்டின் ஓரத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சரித்துக் காதுகொடுக்கிறது. எதையோ எதிர்பார்க்கிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடிக்கிறது. பிறகு இறகை உப்பவைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுகிறது.

நான் திருப்பி விசிலடித்துப் பார்த்தேன். பல் போன வாயில் காற்றுத்தான் வந்தது. "என்னய்யா, என்ன வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அது என்ன எதிர்பார்க்கிறது அண்ணி? போன கடிதத்திலும் விசிலைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் கொக்கியைப் பற்றி எழுதினீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நாகலெட்சுமி


சிவமயம்
கோண்டாவில்
29.03.2024

அன்பு மச்சாளுக்கு,

காய்ச்சல் என்று எழுதியிருந்தாய், இப்போது சுகமா? கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கு வெயில் தொடங்கிவிட்டது.

சின்னதுரையைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பார். இரண்டு பக்கமும் சதை இருந்தால் பயமில்லை. எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் மெலிகிறது என்று அர்த்தம். முட்டையை மசித்து, முளைகட்டிய பயறு கொஞ்சம் சேர்த்துக் கொடு. முருங்கையிலை கிடைத்தால் கொத்தாகக் கட்டித் தொங்கவிடு. குளிர்காற்றுப் படாத இடத்தில் வை. எச்சம் எப்படி இருக்கிறது என்று எழுது.

விசிலைப் பற்றி யோசிக்காதே. பறவை கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
20.04.2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வருசப் பிறப்பு வாழ்த்து எழுதவேண்டிய கடிதம் இது. எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

வருசத்தன்று காலையில் அது முட்டையைத் தொடவில்லை, பயறைத் தொடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைமடுவத்தில் சாப்பிடமாட்டேன் என்று அழுகிற பிள்ளைக்கு நான் என்ன செய்வேன் தெரியுமா? பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியில் சீனி போட்டு, ரொட்டியைப் பிய்த்து ஊறவைத்து ஊட்டுவேன். தின்னாத பிள்ளை கிடையாது. இந்த மலையில் பிறந்த எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்தான். உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். உப்பு என்று இருந்தது, சொக்லட் என்று இருந்தது. தேத்தண்ணி என்று எங்கேயும் இல்லை.

கொடுத்தேன். ஆசையாகத் தின்றது. கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் குடித்தது. அப்பாடா என்று இருந்தது.

கொஞ்சநேரத்தில் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கம்பில் நிற்கமுடியாமல் கீழே விழுந்தது. நெஞ்சு படபடவென்று அடிப்பது இறகுக்கு வெளியே தெரிந்தது. கூண்டைச் சால்வையால் மூடிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். மிருக வைத்தியர் விடுமுறையில் இருந்தார். வீட்டைத் தேடிப்போய்க் கதவைத் தட்டினேன். நல்ல மனிதர், பலகாரத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என்ன கொடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். தேத்தண்ணி என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிறவர், ஆனாலும் சொட்டு சொட்டாக மருந்துத் தண்ணி விட்டு, பல்ப் சூட்டில் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்.

இன்னும் உயிர் இருக்கிறது. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. விசிலடிக்கவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி.

நாகலெட்சுமி


சிவமயம்
கோண்டாவில்
02.05.2024

நாகலெட்சுமிக்கு,

தேத்தண்ணி! இத்தனை வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்தும் அது எனக்கு எழுதத் தோன்றவில்லை. யார்தான் ஒரு பறவைக்குத் தேத்தண்ணி பருக்குவார்கள்? தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். கேட்காமல் உன் பிள்ளைமடுவத்து வைத்தியத்தை அதன் வாயில் வைத்தாய்.

கொழுந்து லொறியை ரோட்டோரம் ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்விட்டார் உன் அண்ணன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. அவருடையது என்று சத்தமாக இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த விசில் ஒன்றுதான். அதுவும் போனால் பிறகு எதுவும் இல்லை. அது உனக்கு விளங்குகிறதா?

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுது.

தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
14.06.2024

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றே இதை எழுதியிருக்கலாம். கோபத்தில் எழுதவில்லை. கஜேந்திரன் உங்களுக்குப் புருசன் என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர். நான் வேண்டுமென்றா கொடுத்தேன்? உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட நினைத்தேன். பிறகு "அவருடையது என்று சத்தமாக இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது" என்ற வரியைத் திரும்ப வாசித்தேன். கிழிக்கவில்லை.

அப்படி உயிராக நினைக்கிற ஒன்றை ஏன் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்? அதைத்தான் இத்தனை நாளும் யோசித்தேன்.

சின்னதுரை தேறியபிறகு மறுபடி விசிலடிக்கிறது. மறுபடி காதுகொடுக்கிறது. மறுபடி மூலையில் ஒடுங்குகிறது. நெஞ்செலும்பு இப்போது விரலில் கத்தி மாதிரித் தட்டுகிறது. வைத்தியரிடம் திரும்பக் கொண்டுபோனேன். "நோய் ஒன்றும் இல்லை, ஏக்கம்" என்கிறார்.

பிள்ளைமடுவத்தில் ஒரு பிள்ளை இருந்தது. எதைக் கொடுத்தாலும் தின்னாது, வாசலையே பார்க்கும். அதன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் வந்தா கூடைய மொதல்ல சொவத்துல மொட்டுன்னு சாத்துவேன்க்கா, அப்பறந்தான் புள்ளையத் தூக்குவேன்" என்றாள். அன்றிலிருந்து நான் அவளுடைய பழைய கூடையை வாங்கிவைத்துக்கொண்டு, சோறு ஊட்டுவதற்கு முன்னால் சுவரில் சாத்துவேன். பிள்ளை வாயைத் திறந்துவிடும். பிள்ளையை விட்டுப்போகிற தாய் எல்லாவற்றையும் சொல்லுவாள், இந்த மாதிரி ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிடுவாள்.

நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். அண்ணன் விசிலடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நாகலெட்சுமி


சிவமயம்
கோண்டாவில்
30.06.2024

அன்பு நாகலெட்சுமிக்கு,

உன் முழங்காலை விசாரிக்காமல் போன கடிதத்தை எழுதிவிட்டேன். அதற்கும் மற்ற எல்லாவற்றுக்கும் பொறுத்துக்கொள்.

நான் உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில், மேல்முடக்குக்கு நேர்கீழே இருந்த குவாட்டர்ஸில் தனியாக இருந்தேன். யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தி லொறி டிரைவரோடு ரோட்டில் நின்று கதைக்க முடியுமா? தோட்டம் முழுக்கக் கண். உன் அண்ணன் முடக்கில் லொறியை நிறுத்தி விசிலடிப்பார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் மூடியில் கரண்டியால் தட்டுவேன். இரண்டு தட்டுக் கிட்டக்கிட்ட, மூன்றாவது கொஞ்சம் பொறுத்து. கேட்டேன், இருக்கிறேன் என்று அர்த்தம். லொறி கிளம்பிப் போய்விடும். அவ்வளவுதான் எங்கள் காதல். முகம் பார்த்துப் பேச ஒரு வருடம் பிடித்தது.

கல்யாணம் முடிந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை. பின்னேரம் விசில் கேட்கும், தட்டுவேன், தேத்தண்ணி ஊற்றுவேன். அவர் படி இறங்கி வர கோப்பை சூடாக இருக்கும். சண்டை பிடித்த நாளிலும் தட்டாமல் விட்டதில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டுவேன். விசில் தோட்டத்துக்கே கேட்கும். தட்டுவது அவருக்கும் சின்னதுரைக்கும் மட்டும்தான்.

செத்தவீடு முடிந்து நீங்கள் எல்லோரும் போன அன்று பின்னேரம் விசில் கேட்டது. என் கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. இரண்டு கோப்பை ஊற்றிவிட்டேன். பிறகுதான் கூண்டைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் தட்டவே இல்லை. அது ஒவ்வொரு நாளும் கூப்பிட்டது. பதில் வராவிட்டால் திரும்பவும் கூப்பிடும். கூண்டின் மேல் போர்வை போட்டேன். காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் இருந்தேன். அண்ணனுக்கு வாதம் என்று செய்தி வந்தபோது, சொல்ல வாய் கூசுகிறது, தப்பினேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மதுராவின் சட்டி உண்மைதான். ஆனால் கேட்டிருந்தால் அவ அதைத் தூக்கி எறிந்திருப்பா. போன் எடுக்காதே என்றதும் மறந்துபோகும் என்பதற்காக இல்லை. நீ பேசும்போது பின்னால் அது கூப்பிடும் என்றுதான்.

உனக்கு எழுதாமல் விட்டது இதுதான். கேத்தல் மூடி, மூன்று தட்டு. நீ தட்டு. என்னால் முடியாது.

தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
15.07.2024

அன்பான அண்ணிக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள். என்னை விடுங்கள், நான் கல்லு.

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்து, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். "தயானி டீச்சர் வீட்டுப்பக்கம் லொறி ஏன் எந்நேரமும் ரிப்பேராகுது?" என்று அப்பா திட்டுவார். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

தட்டினேன் அண்ணி. என் வீட்டில் இருப்பது கரண்டுக் கேத்தல், மூடி பிளாஸ்டிக்கு. அது சத்தமே போடவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் அலுமினியக் கேத்தல் வாங்கித் தட்டினேன். சின்னதுரை கொண்டையைத் தூக்கி, கம்பில் ஓடி, கூண்டு வாசலுக்கே வந்துவிட்டது. தலையைச் சரித்து இன்னொரு தடவை கேட்டது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. முஹம்மது நானா தன் கடைக் கேத்தலைக் கொடுத்தனுப்பினார். அதற்கும் அதே கதைதான். லயமே என் வாசலில் கூடி கேத்தல் தட்டிப் பார்த்தது. ஒன்றையும் அது ஏற்கவில்லை. அந்தப் பிள்ளையும் வேறு கூடைச் சத்தத்துக்கு வாய் திறக்காது.

உங்கள் கேத்தலைத்தான் அது தேடுகிறது. நீங்கள் விட்டுப்போன பெட்டிகளையெல்லாம் பிரித்துவிட்டேன். எல்லாம் இருக்கிறது, கேத்தல் மட்டும் இல்லை. யாருக்குக் கொடுத்தீர்கள்? சொல்லுங்கள், போய் வாங்கிவருகிறேன். நேற்று அது விசிலடித்தபோது நடுவில் காற்று அறுந்துபோனது. நாளாக்காதீர்கள்.

நாகலெட்சுமி


சிவமயம்
கோண்டாவில்
24.07.2024

என் அன்பு மச்சாளுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் குறைவு. உன் சுகம் முக்கியம், கல்லும் தேயும்.

கேத்தல் இங்கே இருக்கிறது. அன்றைக்கு உன் கையில் கூண்டைத் தந்தபோது என் மற்றக் கையில் இருந்த பையில் அதுதான் இருந்தது. சேலைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தேன். விசிலை உன்னிடம் விட்டுவிட்டு, பதிலை நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் கொண்டுவந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இங்கு வந்து அதில் ஒருநாளும் தண்ணீர் வைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இன்று வெளியே எடுத்துப் புளி போட்டு மினுக்கினேன். மூடியில் கரண்டி பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

பார்சலில் அனுப்பலாம் என்று மதுரா சொன்னா. நாள் எடுக்கும். அதைவிட, தட்டவேண்டியது நான். அதற்கும் அது தெரியும்போல இருக்கிறது.

ஓகஸ்ட் நான்காம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்கு முன் எனக்குப் போன் எடு. போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் வை. நீ ஒன்றும் பேசாதே. என்னையும் பேசச் சொல்லாதே. அது கூப்பிடும் வரைக்கும் இரண்டு பேரும் பொறுத்திருப்போம்.

தயானி


உ
மாரியம்மன் துணை
பொகவந்தலாவை
16.08.2024

அன்பான அண்ணிக்கு,

நாங்கள் நலம். "நாங்கள்" என்றால் நான், சின்னதுரை, என் முழங்கால். உங்கள் நலத்தை இப்போது தினமும் காதால் கேட்கிறேன், ஆனாலும் விசாரிக்காமல் கடிதம் எழுதினால் உங்கள் நாத்தனார் இல்லை.

தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இதை போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுது பாதி மறந்துவிடும். நீங்களே சொன்னதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது கூப்பிட்டது. நீங்கள் தட்டவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஐயோ, நீங்கள் போனை வைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். அது இரண்டாவது தடவை கூப்பிட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் தட்டு வந்தது. அதன் கொண்டை நெட்டுக்குத்தாக நின்றது. போனைப் பார்த்தது, சுற்றிப் பார்த்தது, அப்புறம் நேராகக் கிண்ணத்துக்கு இறங்கி, எத்தனையோ நாள் பட்டினி கிடந்ததுபோலத் தினையைக் கொறிக்க ஆரம்பித்தது. உமி பறந்தது. அந்தப் பக்கம் நீங்கள் விம்மியது எனக்குக் கேட்டது. பேசாதே என்றதால் பேசவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் தட்டுகிறீர்கள். நெஞ்செலும்பில் சதை பிடித்துவிட்டது. ஆனால் நேற்று இங்கே காற்றும் மழையும், சிக்னல் அடியோடு போய்விட்டது. பொழுது சாயும்போது சின்னதுரை விசிலடித்தது. நான் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. "ஐயா, இன்னிக்கு அம்மாவுக்கு லைன் போகலய்யா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தேன்.

அது கொஞ்சநேரம் காதுகொடுத்துப் பார்த்தது. பிறகு தானே கீழே இறங்கி, சொண்டால் எவர்சில்வர் கிண்ணத்தில் தட்டியது. இரண்டு கிட்டக்கிட்ட. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. தட்டிவிட்டுச் சாப்பிட்டது.

இன்றைக்கும் அப்படித்தான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

உங்கள்,
நாகலெட்சுமி